ஆறாம் நம்பர் கிளாஸ்

எனக்கு பியரில் இரண்டே வகைதான் தெரியும் சார்: கூலிங் இருப்பது, கூலிங் இல்லாதது. அப்படிப்பட்ட ஆளை ஒரகடத்துப் பெரிய ஓட்டலில் நடந்த பியர் ருசி பார்க்கும் விழாவுக்கு அனுப்பியது யார் குற்றம் என்று முதலில் விசாரியுங்கள். எங்கள் கம்பெனியின் வெளிநாட்டு மேனேஜர் ஊருக்குக் கிளம்பும் அவசரத்தில் தன்னுடைய இரண்டு பாஸையும் என் கையில் திணித்துவிட்டுப் போனார். ஓசி என்றால் நான் விளக்கெண்ணெயையும் ருசி பார்ப்பேன் என்பது அவருக்குத் தெரிந்திருக்கிறது.

இந்த விசாரணையில் நீங்கள் கேட்டது ஒரே கேள்வி. தகடு அழுத்தும் பிரஸ் மெஷினில் ரகுபதியின் கை மாட்டிய அன்று அவன் குடித்திருந்தானா என்று. குடித்திருந்தான். அதோடு எழுந்து போகலாம். ஆனால் பாதியில் நிறுத்திப் பழக்கமில்லை எனக்கு. என் மனைவி வேல்விழியைக் கேளுங்கள், வாயைத் திறந்தால் மூடமாட்டேன் என்பாள்.

ரகுபதியும் நானும் ஒன்றாக வேலைக்குச் சேர்ந்தவர்கள். இருங்காட்டுக்கோட்டையில் ஒரே ரூம். ஷிப்ட் விட்டால் நேரே கடைக்குத்தான். கல்யாணம் ஆன பிறகும் அப்படியேதான் போனது. அப்புறம் அவன் மனைவி லீலா, குன்றத்தூர் தாண்டி ஒரு முனீஸ்வரன் கோயிலுக்கு அவனை இழுத்துப்போய்க் கயிறு கட்டிவிட்டாள். கற்பூரத்துக்கு முன்னால் சத்தியம் செய்து மணிக்கட்டில் அந்தக் கயிற்றைக் கட்டிக்கொண்டால் அப்புறம் குடியைத் தொடக்கூடாது. கயிறோடு குடித்தால் முனி கையையோ காலையோ கேட்பார் என்று எங்கள் பக்கம் நம்பிக்கை. ரகுபதி அதை முழுசாக நம்பினான்.

அவன் திருந்திவிட்டான் சார், அதுதான் சிக்கல். முகம் தெளிந்தது. படப்பையில் மனை வாங்கினான். கிட்டவே வராத அவன் மகள் அமலா, மடியில் வந்து உட்கார ஆரம்பித்தாள். என் வீட்டில் காப்பியோடு அவன் பேச்சும் வந்தது.

"அந்த அண்ணனும் உன்ன மாரி மனுசன்தானே? கயிறு கட்டிக்கினு எப்டி கீறாரு பாரு. உனுக்குத் தாம்புக்கயிறே கட்னாலும் அறுத்துக்கினு ஓடுவ," என்றாள் வேல்விழி.

நியாயமான பேச்சு. நானே சிரித்துவிட்டேன். ஆனால் இரண்டு பேர் சேர்ந்து குடித்தால் அது நட்பு, ஒருத்தன் மட்டும் குடித்தால் அவன் குடிகாரன். அவன் கட்டிய கயிறு என்னைக் குடிகாரன் ஆக்கிவிட்டது. வயிறு எரிந்தது, மறைப்பானேன்.

"ஜீரோ பியர்னு தனியா கீதாம் மச்சான். போதையே கெடையாது. சோடா மாரி. தொணைக்கு வா," என்று கெஞ்சினேன். பூசாரிக்கு போன் போட்டுக் கேட்டு, போதை இல்லையென்றால் தோஷமில்லை என்று அவர் சொன்ன பிறகுதான் வந்தான். அவ்வளவு பயம் அவனுக்கு.

ஓட்டலில் மரத்தட்டில் சின்னச் சின்னக் கிளாஸாக வைத்து, ஒவ்வொன்றுக்கும் ஒரு நம்பர் போட்டிருந்தார்கள். வசந்த் என்று ஒரு பையன், டை கட்டிக்கொண்டு, கண்ணை மூடி மோந்து பார்க்கச் சொன்னான். கொரோனா வந்து போனதிலிருந்து என் மூக்கு வேலை செய்வதில்லை. எங்கள் வீட்டு சாம்பார் அடிபிடித்தால் பக்கத்து வீட்டுக்காரர் சொல்லித்தான் எனக்குத் தெரியும். இருந்தாலும் விடுவேனா? "லேசா கொத்தமல்லி வாசன வருது," என்றேன். வசந்த் அசந்துபோய் அடுத்த மேஜைக்கெல்லாம் சொன்னான். அன்று அங்கே நான்தான் நிபுணன்.

ரகுபதிக்கு முன்னால் ஜீரோ பியர். என் தட்டில் ஆறாம் நம்பர். இருப்பதிலேயே காட்டமானது, மெதுவாகக் குடியுங்கள் என்று வசந்த் எச்சரித்திருந்தான். பார்க்க இரண்டும் ஒரே கறுப்பு. ரகுபதி கை கழுவ எழுந்து போனான். நான் கிளாஸை மாற்றி வைத்தேன்.

"இன்னா மச்சான், சுர்ருனு எறங்குது?"

"ஜீரோதான்டா. உள்ள கீற கேஸ் அப்டி."

நான் சொன்னால் அவன் நம்புவான். குடித்துவிட்டு வீட்டுக்குப் போய் நன்றாகத் தூங்கினான். அத்தோடு நான் வாயை மூடியிருந்தால் ஒன்றுமே ஆகியிருக்காது. ஆனால் அவனுக்கே தெரியாமல் அவன் குடித்ததில் எனக்கு என்ன லாபம்? மறுநாள் டீக்கடையில் சொன்னேன்.

"நேத்து நீ அட்ச்சது ஜீரோ இல்ல மச்சான். முனி ஒண்ணும் பண்ல பாரு."

சிரிப்பான் என்று நினைத்தேன். டீயைக் கீழே வைத்துவிட்டு மணிக்கட்டையே பார்த்தான். "அமலா தலைல கைய வச்சு சத்தியம் பண்ணிகீறேன்டா. இனிமே எந்த மூஞ்ச வச்சிக்கினு கோயிலுக்குப் போவேன்?" என்று அழுதான். எனக்கும் கஷ்டமாகத்தான் இருந்தது. தோளில் கை போட்டேன். "தலைக்கு மேல வெள்ளம் போனா ஜாண் இன்னா, மொழம் இன்னா? வா," என்று அன்று சாயங்காலமே கடைக்குக் கூட்டிப்போனேன். பழைய மாதிரியே இருந்தது சார். சந்தோஷமாக இருந்தது.

எனக்கு மட்டும். அவன் பயத்தில் குடித்தான், குடித்ததற்குப் பயந்து மறுபடி குடித்தான். கடைசியில் ஷிப்டுக்கே குடித்துவிட்டு வந்தான். லைன் லீடர் நீதானே, வாசனை தெரியவில்லையா என்பீர்கள். அதுதான் சொன்னேனே, எனக்கு மூக்கு கிடையாது. அவன் கண் சிவந்திருந்தது மட்டும் தெரிந்தது. மெஷினில் நிற்கவைத்தேன்.

போனது கயிறு கட்டியிருந்த கை. ஆஸ்பத்திரியில் லீலா, "முனி கேட்ட மாரியே எட்த்துக்கினாரே," என்று தலையில் அடித்துக்கொண்டு அழுதாள். நான் பக்கத்தில்தான் நின்றேன். சாமி விஷயத்தில் குறுக்கே பேசக்கூடாது என்று இருந்துவிட்டேன்.

எழுதிக்கொள்ளுங்கள். கிளாஸை மாற்றியவன் நான். அதை அவனிடம் சொன்னவன் நான். கடைக்குக் கூட்டிப்போனவனும், மெஷினில் நிறுத்தியவனும் நான்தான். ஆனால் நண்பனைப் பாதியில் விட்டுவிட்டுப் போனவன் என்று மட்டும் எழுதிவிடாதீர்கள். லைனில் இருந்த ஒருத்தரும் இப்போது அவன் வீட்டுப் பக்கம் தலைகாட்டுவதில்லை. நான் தினமும் சாயங்காலம் போகிறேன். ஒற்றைக் கையால் அவனால் பாட்டில் மூடியைத் திருக முடியவில்லை சார், நான்தான் திறந்து கொடுக்கிறேன்.