மிதி, புடி, வுடு

பிரேக் ஆயிலை இரண்டு வருடத்துக்கு ஒரு முறை மாற்ற வேண்டும் என்பது கார் வைத்திருப்பவர்களிலேயே பலருக்குத் தெரியாது. எஞ்சின் ஆயிலை மாற்றுவார்கள், கண்ணாடியைத் துடைப்பார்கள், டயருக்குக் காற்றுப் பிடிப்பார்கள். பிரேக் ஆயிலை மறந்துவிடுவார்கள். அது காற்றில் இருக்கும் ஈரத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குடித்துக்கொண்டே இருக்கும். புதிதில் தேன் நிறத்தில் இருப்பது, இரண்டு மழைக்காலம் போனால் டிகாஷன் மாதிரி ஆகிவிடும். வெளியிலிருந்து பார்க்கிறவர்களுக்கு எதுவும் தெரியாது.

எனக்கு இது தெரிந்தது என் கணவர் ஜேம்ஸால். செஞ்சியில் கணக்கு வாத்தியாராக இருந்தவர். பழைய வெள்ளை மாருதி ஒன்று வைத்திருந்தார். எதையும் கடையில் கொடுத்துச் செய்யமாட்டார். நான் கிளை நூலகத்தில் வேலை செய்கிறேன். என் பெயர் ஜெயராணி. ஜேம்ஸ் இறந்து மூன்று வருடம் ஆகிறது. எப்படி இறந்தார் என்பதை ஒழுங்காக எழுதி வைக்க வேண்டும் என்று தோன்றியதால் எழுதுகிறேன். யாரும் என்னைக் கேட்கவில்லை. உடம்பும் நன்றாகத்தான் இருக்கிறது.

பிரேக் ஆயில் மாற்றுவது ஒருவர் தனியாகச் செய்கிற வேலை இல்லை. ஒருவர் சக்கரத்தின் பக்கத்தில் தரையில் படுத்துக்கொள்வார். இன்னொருவர் உள்ளே உட்கார்ந்து பிரேக்கை மிதிப்பார். கீழே இருப்பவர் சின்னத் திருகைத் திறந்தால், பழைய ஆயில், உள்ளே ஓடுவது தெரிகிற ஒரு மெல்லிய குழாய் வழியாகப் பாட்டிலுக்கு வரும். திருகை மூடும்வரை உள்ளே இருப்பவர் காலை எடுக்கக் கூடாது. எடுத்தால் காற்று உள்ளே போய்விடும். பிரேக்கில் காற்று புகுந்தால் மிதி பஞ்சு மாதிரி தரைவரை இறங்கும். வண்டி நிற்காது.

உள்ளே உட்காருவது நான். பத்தொன்பது வருடம் நான்தான் உட்கார்ந்தேன்.

மழைக்கு முன்னால், ஆடி மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, மாதா கோவிலில் பூசை முடிந்து வந்ததும் ஆரம்பிப்போம். அவர் முகம் எனக்குத் தெரியாது, என் முகம் அவருக்குத் தெரியாது. குரல் மட்டும்தான். "மிதி" என்பார். மூன்று தடவை மிதித்து, "மிதிச்சுட்டேன்" என்பேன். "புடி." "புடிச்சுட்டேன்." மிதி மெதுவாகக் கீழே போகும். "வுடு." "வுட்டுட்டேன்." ஒரு சக்கரத்துக்கு இருபது தடவையாவது இது நடக்கும். பக்கத்து வீட்டு அன்புமணி மதில் மேல் கையை ஊன்றிக்கொண்டு, "வாத்தியாரே, பொண்டாட்டிய மிதி மிதின்னு கெஞ்சுற ஆம்பள இந்தச் செஞ்சியிலயே நீங்க ஒருத்தர்தான்" என்பார். ஜேம்ஸ் வண்டிக்கு அடியிலிருந்து சிரிப்பார். அந்தச் சிரிப்பு வண்டியின் தகடு வழியாக என் உள்ளங்காலுக்கு வரும்.

எங்களுக்குக் குழந்தை இல்லை. அதிகம் பேசிக்கொள்கிறவர்களும் இல்லை. வருடக்கணக்கில் நாங்கள் இருவரும் சேர்ந்து தவறாமல் செய்தது இது ஒன்றுதான். இதைச் சொல்லாவிட்டால் மற்றது புரியாது.

அவருக்குச் சர்க்கரை. ஐம்பது வயதுக்குள் பாதம் இரண்டும் மதமதத்துவிட்டன. செருப்பு கழன்று விழுந்தால்கூடத் தெரியாது. அதனால் வேலை முடிந்ததும் கடைசியாக மிதித்துப் பார்க்கிற பொறுப்பும் எனக்கு வந்தது. "ராணி, உன் காலு சொல்லட்டும்" என்பார். நான் மிதித்துப் பார்த்து, "கல்லு மாதிரி இருக்குது" என்று சொன்னால் போதும். தானும் ஒரு தடவை பார்க்கலாம் என்று அவர் நினைத்ததே இல்லை.

வண்டி ஓட்டவும் எனக்குச் சொல்லிக்கொடுத்தார். மூன்றாவது நாள் அன்புமணி வீட்டுத் தண்ணீர்த் தொட்டியில் இடித்துவிட்டேன். "உனக்கு மிதிக்க மட்டுந்தான் வருது, ஓட்ட வரல" என்று சிரித்தார். நானும் சிரித்தேன்.

பிறகு பாக்கியம் வந்தாள். என் தங்கை. என்னைவிடப் பத்து வயது சின்னவள். கிராம செவிலியராக மேல்சித்தாமூர்ப் பக்கம் மாற்றல் கிடைத்தது. புருஷன் வேறொரு குடும்பம் பார்த்துக்கொண்டு போய்விட்டதால் தனியாக எங்கே இருப்பாள் என்று, எங்கள் வீட்டு மாடி அறையைக் கொடுத்தோம். கொடுக்கலாம் என்று முதலில் சொன்னது நான்தான்.

அவர்களுக்குள் தப்பாக ஒன்றும் நடக்கவில்லை. இதை உறுதியாகச் சொல்கிறேன். அப்படி ஏதாவது நடந்திருந்தால் நான் சண்டை போட்டிருப்பேன், அழுதிருப்பேன், பங்குச் சாமியாரிடம் போய்ச் சொல்லியிருப்பேன். ஊர் என் பக்கம் இருந்திருக்கும். நடந்ததெல்லாம் எடுத்துச் சொல்ல முடியாத சின்ன விஷயங்கள். அவள் அவருக்குச் சர்க்கரை பார்த்தாள். தினமும் சாயங்காலம் அவர் பாதத்தைத் திருப்பிப் புண் ஏதும் இருக்கிறதா என்று டார்ச் அடித்துப் பார்த்தாள். நான் அதைச் செய்ததில்லை. யாரும் எனக்குச் சொல்லித்தரவில்லை. சாப்பாட்டில் அவள் அளவு வைத்தாள். "மாமா, போதும்" என்றால் அவர் தட்டை நகர்த்திவிடுவார். நான் சொன்னபோதெல்லாம் இன்னொரு கரண்டி கேட்டவர்.

கால் மதமதப்பு கூடியதும் அவர் வண்டி ஓட்டக் கூடாது என்று அவள் சொன்னாள். அவர் உடனே ஒப்புக்கொண்டார். அவளுக்கு ஓட்டக் கற்றுக்கொடுத்தார். கோட்டைக்குப் போகும் ரோட்டில், வெயில் இறங்கியபின், இரண்டு மாதம். அவள் எதிலும் இடிக்கவில்லை. முன்சீட்டில் இருவரும் இருப்பார்கள், நான் பின்னால் உட்கார்ந்து கோட்டைப் பாறைகளைப் பார்த்துக்கொண்டிருப்பேன்.

அந்த வருடம் ஆடி ஞாயிறு. நான் புடவையை மாற்றிக்கொண்டு வருவதற்குள் பாக்கியம் ஓட்டுநர் சீட்டில் உட்கார்ந்திருந்தாள்.

"அவ ஓட்டுற வண்டி. அவளும் தெரிஞ்சிக்கட்டும்" என்றார் ஜேம்ஸ். பிறகு என்னைப் பார்த்து, "நீ பானட்டுகிட்ட நில்லு ராணி. டப்பாவுல ஆயிலு கீழ்க்கோட்டத் தாண்டாமப் பாத்துக்க. எறங்கினா ஊத்து" என்றார்.

அதுவும் முக்கியமான வேலைதான். புது ஆயில் பானட்டுக்கு அடியில் இருக்கும் அந்த டப்பாவிலிருந்துதான் பிரேக்குக்கு இறங்கும். டப்பா காலியானால் அந்த வழியாகவும் காற்று போகும். அதுவரை அவரே நடுநடுவில் எழுந்து பார்த்துக்கொள்வார். இப்போது ஆள் கூடுதலாக இருந்ததால் எனக்கு அதைக் கொடுத்தார். நான் புதுப் பாட்டிலைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றேன்.

"மிதி" என்றார். "மிதிச்சுட்டேன் மாமா" என்றாள். "புடி." "புடிச்சுட்டேன் மாமா." மூன்றாவது தடவையோ நான்காவது தடவையோ, அவர் சொல்வதற்கு முன்னால் காலை எடுத்துவிட்டாள். "அய்யோ, வுட்டுட்டேன் மாமா" என்றாள். நானாக இருந்தால் திட்டியிருப்பார். "பரவால்லம்மா, நாலு தடவ சேத்து மிதிச்சா காத்து வெளிய வந்துரும்" என்றார். அப்படியே செய்து அந்தக் காற்றை வெளியே எடுத்தும்விட்டார். குழாயில் குமிழிகள் வந்து, பிறகு வராமல் நின்றதை நானே பார்த்தேன். இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

அன்புமணி மதிலுக்கு வந்தார். உள்ளே யார் என்று பார்த்தார். என்னைப் பார்த்தார். வீட்டுக்குள் போய்விட்டார்.

நான்காவது சக்கரத்துக்கு வந்தார்கள். அவர்கள் குரல்கள் நன்றாக இணைந்துவிட்டிருந்தன. நடுவில் எதற்கோ இருவரும் சிரித்தார்கள். நான் டப்பாவைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஆயில் கீழ்க்கோட்டுக்கு வந்தது. தாண்டியது. என் கையில் பாட்டில் இருந்தது, மூடியும் திறந்திருந்தது. ஆயில் அடிவரை போய், ஒரு சின்னச் சத்தத்தோடு உறிஞ்சப்பட்டது. இன்னும் இரண்டு மிதி மிதித்தாள். குழாயில் குமிழி வருவதற்குள் அவர் திருகை இறுக்கி, "முடிஞ்சிது" என்றார். நான் டப்பாவை மேல்கோடுவரை நிரப்பி மூடினேன். துணியால் துடைத்தும் வைத்தேன்.

அந்த நேரத்தில் நான் எதையும் தீர்மானித்திருக்கவில்லை. வேலை கெட்டது என்று தெரிய வேண்டும், அவ்வளவுதான். அவள் கால் சரியில்லை, மறுபடியும் முதலிலிருந்து செய்ய வேண்டும், ராணி நீயே உட்காரு என்று அவர் சொல்ல வேண்டும்.

அவர் எழுந்து முதுகைத் தட்டிக்கொண்டார். பாக்கியம் இறங்கினாள். "ராணி, உன் காலு சொல்லட்டும்" என்றார்.

உட்கார்ந்து மிதித்தேன். மிதி வழுக்கிக்கொண்டு தரைவரை போனது. திரும்பவும் மிதித்தேன். போனது. உண்மையைச் சொன்னால் வேலையை மறுபடி தொடங்கியிருப்பார். நான் நிமிர்ந்து பார்த்தேன். அவர் விரலில் திருகு கீறி ரத்தம் வந்திருந்தது. சர்க்கரைக்காரர், சின்னக் காயமும் ஆறாது. பாக்கியம் அவர் கையைத் தன் இரண்டு கைகளிலும் வைத்துக்கொண்டு, தன் முந்தானையால் ஒற்றிக்கொண்டிருந்தாள். அவர் என்னைப் பார்க்கவில்லை. பதிலுக்காகக் காத்திருக்கவும் இல்லை. என் பதில் என்னவாக இருக்கும் என்று அவருக்குத் தெரியும்.

"கல்லு மாதிரி இருக்குது" என்றேன்.

திங்கட்கிழமை காலையில் அவள் வேலைக்குக் கிளம்பினாள். நான் சாப்பாட்டு டப்பாவைக் கொடுக்க வாசலுக்குப் போனேன். காற்று புகுந்த பிரேக்கும் அடுத்தடுத்து மிதித்தால் கொஞ்சம் பிடிக்கும். வண்டியைக் கிளப்பி அப்படி மிதித்துப் பார்த்தவள், "அக்கா, கொஞ்சம் எறங்குற மாதிரி இருக்குதே" என்றாள்.

"புது ஆயிலுன்னா அப்பிடித்தான். போவப்போவ செட்டாயிடும்."

அவள் தலையாட்டினாள். அவள் தனியாகத்தான் போகப்போகிறாள் என்று நினைத்திருந்தேன். மேல்சித்தாமூர்ப் பாதையில் பெரிய மேடு பள்ளம் கிடையாது. எங்காவது ஒரு மரத்தில் இடித்துக்கொள்வாள், பயந்துபோவாள், இனி ஓட்டமாட்டாள். அதற்கு மேல் நான் நினைக்கவில்லை. நினைத்திருந்தால் அதையும் இங்கே எழுதியிருப்பேன்.

அப்போது ஜேம்ஸ் வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு வந்தார். பள்ளிக்கூடத்துக்கு அன்று ஏதோ விடுமுறை. "நானும் போய்ட்டு வரேன். வண்டி எப்பிடிப் போவுதுன்னு பாக்கணும்" என்று இடதுபக்கம் ஏறிக்கொண்டார்.

எனக்கு நேரம் இருந்தது. இரண்டு நிமிடமாவது இருந்தது. கதவை இரண்டு தடவை சாத்தினார், ஜன்னல் கண்ணாடியை இறக்கினார், மூக்குக்கண்ணாடிக் கூட்டைத் தேடினார். நேற்றுப் பொய் சொன்னேன், இறங்குங்கள் என்றால் இறங்கியிருப்பார். அவள் முன்னால் அதைச் சொல்ல வேண்டியிருந்தது. சொல்லத்தான் போனேன். குனிந்து ஜன்னலருகே வந்தும்விட்டேன். அவருக்கு விரலும் மதமதப்புதான், பெல்ட் மாட்ட வராது. பாக்கியம் அவர் மார்பின் குறுக்கே கையை நீட்டி பெல்ட்டை இழுத்து மாட்டினாள். அவர் சின்னப் பிள்ளை மாதிரி கையைத் தூக்கிக்கொடுத்தார்.

"பாத்துப் போங்க" என்றேன்.

நெல் மூட்டை ஏற்றிய டிராக்டர் ஒன்று ரோட்டோரம் நின்றிருந்தது. எதிரில் பஸ். அவள் மிதித்தாள், வண்டி நிற்கவில்லை. வலதுபக்கம் ஒடித்தாள். டிராக்டரின் பின்முனை அவர் உட்கார்ந்திருந்த இடதுபக்கத்தில் புகுந்தது. அவளுக்கு மணிக்கட்டில் எலும்பு முறிவு.

விசாரிக்க வந்தவர்கள் பிரேக்கில் காற்று இருந்தது என்றார்கள். வீட்டிலேயே ஆயில் மாற்றியதாகத் தெரிந்ததும் யார் மிதித்தது என்று கேட்டார்கள். கட்டுப் போட்ட கையோடு பாக்கியம் எழுந்து நின்று, "நான்தான் சார். ஒருவாட்டி மாமா சொல்றதுக்கு முன்னாடி வுட்டுட்டேன்" என்றாள். டப்பாவைப் பார்த்துக்கொண்டது யார் என்று ஒருவர் கேட்டார். "அக்கா நின்னுது. அதுக்கு வண்டியப் பத்தி இன்னா சார் தெரியும்" என்றாள். என்னைக் காப்பாற்றத்தான் சொன்னாள். ஆனாலும் பத்தொன்பது வருடம் மிதித்தவள் நான். விபத்து என்று எழுதி முடித்துவிட்டார்கள்.

அவள் இன்னும் என் வீட்டு மாடியில்தான் இருக்கிறாள். வண்டி ஓட்டுவதில்லை. கல்லறைக்குப் போகும்போது செருப்புப் போடுவதில்லை என்று நேர்ந்துகொண்டிருக்கிறாள். சில நாள் சாப்பிடமாட்டாள். நான்தான் பிசைந்து கொடுப்பேன். "நீ புதுசு. உனுக்கு எப்பிடித் தெரியும்? மனசுல வச்சிக்காத" என்று சொல்வேன். மூன்று வருடமாகச் சொல்கிறேன். அவள் என் தோளில் சாய்ந்து அழுவாள். அவளிடம் நான் ஒரு நாளும் கடுமையாகப் பேசியதில்லை. தெருவில் யாரை வேண்டுமானாலும் கேளுங்கள்.

இந்த வருடம் கல்லறைத் திருநாளுக்கு ஒரு வாரம் முன்னாலேயே போய்க் கல்லறைக்கு வெள்ளையடித்தோம். திருநாளன்று மூன்று மணிக்கெல்லாம் கூட்டம். செவ்வந்தியைப் பரப்பி நான் மெழுகுவர்த்தியை எடுப்பதற்குள், வந்திருந்த சொந்தக்காரர்கள் பாக்கியத்துக்கு வழிவிட்டார்கள். அவள்தான் அதிகம் அழுகிறாள். ஒருவர் அவள் தலையைத் தடவினார், ஒருவர் தண்ணீர் கொடுத்தார். முதல் மெழுகுவர்த்தியை அவள் ஏற்றினாள். வெறுங்காலோடு மண்ணில் உட்கார்ந்து, கல்லில் கை வைத்துக்கொண்டு, எனக்கு மட்டும் கேட்கும்படி சொன்னாள்.

"அக்கா, நீ அழுது ஆறிடுவ. எனுக்கு ஆறாது. அவரு சாவு என்னுது. நான் சாவுறமுட்டும் அது என்கூடத்தான் இருக்கும்."

வீட்டுக்கு வந்ததும் எழுத உட்கார்ந்தேன். அவள் செய்யாத ஒன்றை அவள் சுமக்கக் கூடாது என்பதற்காகத்தான் எழுதுகிறேன் என்று முதலில் நினைத்தேன். இதைக் காவல் நிலையத்தில் கொடுத்த பிறகு அவள் செருப்புப் போட்டுக்கொண்டு நடக்கலாம், வயிறாரச் சாப்பிடலாம். கல்லறைக்கு அவள் வர வேண்டிய அவசியமும் இல்லை. அன்று அவள் காலை எடுத்ததால் புகுந்த காற்றை அவர் வெளியே எடுத்துவிட்டார். உள்ளே நின்றது நான் விட்ட காற்று. தரைவரை இறங்கியதை அறிந்தது என் கால். அவர் நம்பியது என் சொல்லை. அவளுக்கு இதில் எந்தப் பங்கும் இல்லை. அவர் சாவு என்னுடையது.