பூப்பேப்பர் ஒட்டிய சுவர்

அகீலா: ...முதல்ல அந்தப் பசை வாளியை வையுங்கோ. பழசைக் கிழிக்காமல் புதுசு ஒட்டேலாது.

கிருஷ்ணராஜ்: மற்றச் சுவரெல்லாம் கிழிச்சாச்சுத்தானே. இது ஒண்டுக்கு மட்டும் மேலால ஒட்டினா என்ன? ஆருக்குத் தெரியப்போகுது?

அகீலா: கடற்காத்து ஈரத்தில பொங்கிப்போய்க் கிடக்கு. இதுக்கு மேல ஒட்டினா புதுசும் சேர்ந்து கழண்டு விழும். விலகுங்கோ, சுடுதண்ணி போட்டு ஊறவைக்கப்போறன்.

கிருஷ்ணராஜ்: அகீலா... அதுக்குப் பின்னால என்ன இருக்கெண்டு உமக்குத் தெரியும்.

அகீலா: ஓம், கதவு. அங்கால உங்கட தங்கச்சி வீடு. சுதர்சினி வேதக்காரப் பெடியனைக் கட்டிட்டாளெண்டு, மாமா உங்கள் ரெண்டு பேருக்கும் ரெண்டாப் பிரிச்சுக் குடுத்த வீட்டில இருந்த ஒரே வழியைப் பலகை வைச்சு மூடி, மேலால பூப்பேப்பரும் ஒட்டினியள்.

கிருஷ்ணராஜ்: என்ர கதையை எனக்கே சொல்லாதையும்.

அகீலா: மறந்த ஆள் மாதிரியெல்லோ இருக்கிறியள். அவளின்ர மகள் பிறிஜெற் பெரிய பிள்ளையாகிட்டாள். நாளைக்குத் தண்ணி வார்க்கினம். முதல் செம்பு தாய்மாமன்தான் ஊத்தவேணும்.

கிருஷ்ணராஜ்: சேர்ச்சுக்குப் போறவைக்கு என்னத்துக்குத் தாய்மாமன்?

அகீலா: அந்த வழக்கத்தை அவள் விடேல்ல. அண்ணன் வராட்டி செம்பை ஒருத்தரிட்டயும் குடுக்கமாட்டன் எண்டவள்.

கிருஷ்ணராஜ்: ...அவளோட கதைக்கிறனீரோ?

அகீலா: மீன் வாங்கப் போகேக்குள்ள எல்லாம்.

கிருஷ்ணராஜ்: எப்ப இருந்து?

அகீலா: நீங்கள் பேப்பர் ஒட்டின கிழமையில இருந்து. கொட்டாஞ்சேனை முழுக்கத் தெரியும், உங்களுக்குத்தான் தெரியாது. ஸ்பொஞ்சைத் தாங்கோ.

கிருஷ்ணராஜ்: கிழிச்சும் பிரயோசனமில்லை. நாலு அங்குல ஆணி அடிச்சனான். பலகை அசையாது.

அகீலா: குறடு எடுத்து வைச்சிருக்கிறன். எல்லாத்தையும் பிடுங்குவன். நாளைக்கு அந்தப் பிள்ளை மாமன் இல்லாத பிள்ளையா நிக்கக்கூடாது.

கிருஷ்ணராஜ்: போறதெண்டா றோட்டால போகலாம்தானே...

அகீலா: றோட்டால விருந்தாளி போகட்டும். நீங்கள் மூடின வழியாலதான் போகவேணும். இஞ்ச பாருங்கோ, மூலை கழருது... மெல்ல, மெல்ல... என்னப்பா, பலகையும் சேர்ந்து வருது? எங்க ஆணி? ஒரு ஓட்டையையும் காணேல்லையே.

கிருஷ்ணராஜ்: அடிக்கேல்ல. சுத்தியலைத் தூக்கிக்கொண்டு நிண்டனான்... அங்கால அவள் அழுறது கேட்டது. கை வரேல்ல. இவ்வளவு காலமும் பேப்பர்தான் பலகையைப் பிடிச்சுக்கொண்டு நிண்டது.

அகீலா: அப்ப கதவைத் தட்டுங்கோ.

கிருஷ்ணராஜ்: நீர் தட்டுமன்.

அகீலா: மாமன் நானோ?

கிருஷ்ணராஜ்: ...சுதா. சுதா, நான்... அண்ணன். தாழ்ப்பாளை ஒருக்கா எடுத்துவிடுவியோ?

சுதர்சினி: சும்மா தள்ளுங்கோ அண்ணா. இந்தப் பக்கம் நான் ஒருநாளும் தாழ்ப்பாள் போட்டதில்லை.