பக்கத்து வீட்டுச் சத்தம்

ஒலிப்பதிவாளர்கள் தங்கள் கார் சாவியை ஃபிரிட்ஜுக்குள் வைப்பார்கள், தெரியுமா? ஃபிரிட்ஜின் முனகல் பதிவில் விழும் என்று அதை அணைத்துவிடுவார்கள். சாவி உள்ளே இருந்தால், கிளம்பும்போது மறுபடி போட மறக்கமாட்டார்கள். எங்கள் தொழிலில் சத்தமென்றால் அவ்வளவு பயம். இது புரிந்தால் உங்களுக்கு மற்றதும் புரியும்.

பசடீனாவில் பெரிய வீடுகளைப் பிடித்துப் படப்பிடிப்புக்கு விடுகிறேன், இருபத்திரண்டு வருடமாக. முதலில் பிடித்தது வாரன் ஹெட்லண்டின் வீடு. ஒன்பது வருடம், திரையில் வந்த கோடீஸ்வரர்களில் பாதிப்பேர் அவர் படிக்கட்டில்தான் இறங்கினார்கள். பிறகு படமெடுப்பவர்கள் எல்லோரும் கண்ணாடிச் சுவர் வைத்த வீடு கேட்டார்கள். அவர் வீட்டை விட்டுவிட்டுப் பக்கத்து வீட்டைப் பிடித்தேன். யாராக இருந்தாலும் அதைத்தான் செய்திருப்பார்கள்.

மனுஷர் அதை ஏற்கவில்லை. பக்கத்தில் கேமரா வந்தால் போதும், செம்புச் சட்டியும் கரண்டியுமாகத் தோட்டத்துக்கு வந்து அடிக்கத் தொடங்கிவிடுவார். எண்பது வயதில் அந்தக் கைக்கு எங்கிருந்துதான் வலு வந்ததோ.

“என் வீட்டுக்கு என்ன கொறச்சல்? நேத்துவரைக்கும் கோடீஸ்வரன் வீடு, இன்னிக்குப் பேய் வீடா?” என்பார்.

“பேய்ப் படத்துக்குக்கூட யாரும் கேக்கல, வாரன்.”

“உன் வாய்க்கு நீயே நடிக்கப் போயிருக்கலாம், லொரெய்ன்.”

சிரித்துவிடுவோம். அடுத்த படம் உங்கள் வீட்டில்தான் என்பேன், சட்டியைக் கீழே வைப்பார். பதினான்கு தடவை சொல்லியிருக்கிறேன். பதினான்கு தடவையும் அவர் நம்பியதற்கு நான் என்ன செய்ய?

அந்த வியாழக்கிழமை கடைசிக் காட்சி. கதாநாயகி கிசுகிசுப்பாகப் பேசி விடைபெற வேண்டும். அன்று இரவே அந்த நடிகை ஊரைவிட்டுப் போகிறார். அன்று கெட்டால் அந்தத் தெருவுக்கு இனி ஒருவரும் வரமாட்டார்கள். மூன்று மணிக்குச் சட்டிச் சத்தம் கேட்டது. ஒலிப்பதிவாளர் எமிலியோ காதிலிருந்த ஹெட்போனைக் கழற்றினார்.

“இது அவரு வழக்கமா அடிக்கிற அடி இல்ல. மூணு அடிச்சு நிறுத்துறாரு. போய்ப் பாத்துட்டு வாங்களேன்.”

போனேன். சமையலறைக்குள் இறங்கும் படிக்குக் கீழே கிடந்தார். கால் ஒருபக்கமாக மடங்கியிருந்தது. எங்கள் படப்பிடிப்பைக் கெடுக்கக் கிளம்பித்தான் விழுந்திருக்கிறார், அதையும் வாக்குமூலத்தில் எழுதிக்கொள்ளுங்கள்.

“வந்துட்டியா. போன் மாடியில இருக்கு. ஆம்புலன்ஸக் கூப்புடும்மா.”

ஆம்புலன்ஸ் சைரனோடு வரும். தெருவை அடைத்து நிற்கும் எங்கள் லாரிகளை எடுக்க வேண்டும். வெளிச்சம் போய்விடும்.

“பத்து நிமிஷம் பொறுத்துக்குங்க, வாரன்.”

“உன் பத்து நிமிஷம் எனக்குத் தெரியாதா?” என்று மறுபடி கரண்டியை ஓங்கினார். நான் அதை அவர் கையிலிருந்து வாங்கிக்கொண்டேன். சட்டியையும்தான். அவர் தடுக்கவில்லை. தலைக்குக் குஷன் வைத்தேன். கத்துவாரோ என்று கதவைச் சாத்தினேன்.

“என்னவாம்?” என்றார் எமிலியோ.

“எப்பவும் போலத்தான்.”

ஏழு மணிவரை எடுத்தோம். மறந்துவிட்டேன் என்று உங்களிடம் சொல்லலாம், ஆனால் மறக்கவில்லை. ஒவ்வொரு தடவை எடுக்கும்போதும் நினைத்தேன், இது முடியட்டும், இது முடியட்டும் என்று. மூன்று மணிக்கே கொண்டுபோயிருந்தால் பிழைத்திருப்பார் என்று உங்கள் டாக்டர் எழுதியிருக்கிறாராம். எழுதட்டும். அறுபது பேரின் ஒரு நாள் உழைப்பை நான் காப்பாற்றினேன், அதை யார் எழுதுவார்கள்?

எல்லாம் முடிந்ததும், படத்தை வெட்டி ஒட்டும்போது தேவைப்படுமென்று, ஒரு நிமிடம் வெறும் அமைதியைப் பதிவு செய்வார்கள். அத்தனை பேரும் மூச்சை அடக்கி நின்றோம். எமிலியோ கட்டைவிரலைத் தூக்கினார். இந்தத் தெருவில் இப்படியோர் அமைதி கிடைத்ததே இல்லை என்றார்.

அந்தப் பதிவை வாங்கிக் கேட்டுப் பாருங்கள். அவர் கூப்பிட்டிருந்தால் அதில் விழுந்திருக்கும். அவர் என்னைக் கூப்பிடவே இல்லை.