ஜானின் பின்னால் வந்தவர்கள்

மட்ட மத்தியானம். கடற்கரையிலிருந்து திரும்பும் மணல் ரோடு. இரண்டு பக்கமும் சவுக்கு. ஈ, காக்கா இல்லை...

அந்த ரோட்டில் ஜான் தனியாக வந்துகொண்டிருந்தார். என் நண்பன் ஆல்பினுடைய அக்கா டயானாவின் கணவர். கள்ளக்குறிச்சியிலிருந்து சர்ச் வேனில் வேளாங்கண்ணி போயிருந்தார்கள். திரும்பும்போது நாகப்பட்டினம் பழைய துறைமுகத்தைப் பார்க்க இறங்கினார்கள். ஃபாதர் கடலைக் காட்டிச் சொன்னாராம். அந்தக் காலத்தில் கப்பல் கரைக்கு வராது, தூரத்திலேயே நிற்கும். பஞ்சத்தில் நம் பக்கத்து ஜனங்களையும் தோட்ட வேலைக்கு ஆள் பிடிக்கும் கங்காணிகள் கூட்டிவந்து, படகில் கொண்டுபோய் பினாங்குக் கப்பலில் ஏற்றினார்கள்.

"திரும்பி வந்தாங்களா ஃபாதர்?" என்று ஜான் கேட்டார்.

"கொஞ்ச பேரு வந்தாங்க. நெறைய பேரு வரல."

மற்றவர்கள் வேனுக்குப் போய்விட்டார்கள். கால் மணலைக் கழுவிவிட்டு வந்த ஜான் பின்தங்கிவிட்டார்.

சவுக்கு நிழலில் வரிசையாக ஆட்கள். ஆண், பெண், குழந்தைகள். மடியில் துணி மூட்டை. கிட்டே போனால் ஒரு வாடை... தாரும் ஊசிப்போன சோறும் கலந்தது. எங்கிருந்தோ வேலைக்கு வந்த ஜனம் என்று நினைத்தார். ஒரு பெண் கேட்டாள்.

"எந்தூருங்க?"

"கள்ளக்குறிச்சி."

மொத்த வரிசையும் எழுந்து நின்றது.

"நாங்களும் அந்தப் பக்கந்தாங்க. ஆவாரம்பூண்டி. வூட்டுக்குப் போவ வழி தெரியல. கூட்டிக்கினு போறீங்களா?"

பாவமாக இருந்தது. "வாங்க, போலாம்" என்றார்.

பத்தடி நடந்து திரும்பிப் பார்த்தார். ரோடு காலி.

அவர் ஏறியதும் வேன் அப்படியே அமிழ்ந்ததாம். டிரைவர் இறங்கி டயரைத் தட்டிப் பார்த்தார். காற்று சரியாகத்தான் இருந்தது.

அன்று ராத்திரி வீட்டுக்குள் சத்தம். தொப்... தொப்... மூட்டைகளை ஒவ்வொன்றாக இறக்கிவைப்பது போல. காலையில் தண்ணீர்க் குடம் காலி. மறுநாள் இரண்டு குடம் வைத்தாள் டயானா. இரண்டும் காலி.

அந்தப் பெண்ணின் குரல் ஜானுக்கு மட்டும் கேட்டது. எங்க ஊரு எங்கீங்க?

அவர் தேடினார். தாலுகா ஆபீஸில் அப்படி ஓர் ஊர் இல்லை என்றார்கள். தினமும் வேலை முடிந்ததும் கச்சிராயபாளையம், அதைத் தாண்டி கல்வராயன் மலையடிவாரம் என்று டீக்கடை டீக்கடையாக விசாரித்தார். கேள்விப்பட்டவர் யாருமில்லை.

ஒரு சாயங்காலம் டயானா பின்னாலேயே போனாள். கரும்புக் காட்டு வரப்பில் ஜான் நடக்கிறார். அவருக்குப் பின்னால் யாருமில்லை... ஆனால் புழுதியில் வெறுங்கால் தடங்கள் ஒவ்வொன்றாக விழுந்துகொண்டே போகின்றன. நடுவில் சின்னச் சின்னத் தடங்களும்.

வீட்டுக்கு வந்ததும் அழுதாள். "ஊரு இல்லன்னு சொல்லிடுங்களேன்."

"எப்பிடி சொல்றது டயானா? கொயந்திங்கள இடுப்புல வச்சிக்கினு நிக்கிறாங்க."

ஆளே உருகிப்போனார். கடைசியில் ஒருநாள், மழை தூறிக்கொண்டிருந்தபோது, மலையடிவாரத்தில் நின்று சொல்லிவிட்டார். உங்க ஊரு இல்லீங்க. யாருக்கும் தெரியல.

அன்று ராத்திரி ஒரு சத்தமும் இல்லை. குடத்தில் தண்ணீர் குறையவில்லை. ரொம்ப நாள் கழித்து டயானா நன்றாகத் தூங்கினாள்.

விடிந்து பார்த்தால் ஜான் வாசலில் குந்தியிருந்தார். மடியில், தன் சட்டைகளைச் சுற்றிக் கட்டிய மூட்டை.

"இன்னாங்க இது? உள்ள வாங்க."

அவர் கையெடுத்துக் கும்பிட்டார். "இது யார் வூடுங்க? நான் ஆவாரம்பூண்டிக்குப் போவணும்."

சேலத்தில் காட்டினார்கள், பாண்டிச்சேரியில் காட்டினார்கள். ஃபாதர் வந்து ஜெபம் பண்ணினார். ஒன்றும் ஆகவில்லை. டயானா ஊட்டினால் சாப்பிடுவார். அவள் யாரென்று தெரியாது.

போன வாரம் சோறு ஊட்டும்போது அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாராம். பிறகு மெதுவாகக் கேட்டிருக்கிறார்.

"நீங்க எந்தக் கப்பல்ல வந்தீங்க?"

"நான் இந்த ஊருதாங்க" என்றாள் டயானா. எந்த ஊர் என்று சொல்ல வாயெடுத்தாள்.

ஊர்ப் பேர்... அவளுக்கு வரவில்லையாம்.