இடம் மாறிய குச்சி

காளவாசல் சிக்னல் நெரிசலில் பேருந்து நின்றிருந்தது. எனக்கு முன் இருக்கையிலிருந்த பெண், பக்கத்தில் கம்பியைப் பிடித்து நின்றவரிடம், "பாலத்துக்கு எடம் குறிச்சு நீங்க அடிச்ச குச்சியப் புடுங்குனது நான்தான் சார்" என்றாள்.

அவள் ஊர் ஓடையில் தரைப்பாலம் போட, ஞாயிறுதோறும் சம்பளமில்லாமல் வந்துபோன என்ஜினியர் அவர் என்பது பேச்சில் தெரிந்தது.

"புடுங்கி?"

"இருவதடி மேக்க நட்டேன். நீங்க கோடையில அளந்தீக. நீங்க குறிச்ச எடத்துலதான் வெள்ளம் சுழிக்கும்."

"அன்னைக்கே சொல்லியிருக்கலாமேம்மா."

"சொன்னேன். அளக்குற மிஷின்ல கண்ண வச்சுக்கிட்டே தலைய ஆட்டுனீக."

"இந்த மழையில பாலம் போயிருந்தா?"

"உங்க பேருதான் கெட்டிருக்கும். அதான் மழை விடுற வரைக்கும் எனக்குத் தூக்கமில்ல சார்."