பட்டத்தின் மேல் ஒரு கலண்டர்

1976 மார்கழி, ஒரு திங்கட்கிழமைக் காலை. மூதூரிலிருந்து திருகோணமலைக்கு வந்த லோஞ்ச் படகில் என் முன்னால் இரண்டு இளைஞர்கள். ஒருவர் மடியில் பயிற்சிப் புத்தகம் இருந்தது. அவர் சொன்னார்:

“சட்டம் போட்டு மாட்டின என்ட பட்டச் சான்றிதழுக்கு மேல உம்மா கலண்டர் தொங்கவிட்டிருக்கா.”

“ஏன் மச்சான்?”

“வகுப்பு ஒண்டுமில்லாம வெறும் சாதாரண சித்தி எண்டு இருக்கிறது வாற ஆக்களுக்குத் தெரியக்கூடாதாம்.”

“அந்தப் பெறுபேற்றோட கொழும்பில முகாமைத்துவம் படிக்க எடுப்பாங்களா?”

“ஓம், நுழைவுச் சோதினையில நல்லாச் செய்தா எடுப்பாங்களாம். தை மாசம் சோதினை. பாஸ் பண்ணினாக் கலண்டரைக் கழட்டோணும் எண்டு உம்மாட்டச் சொன்னனான்.”

“என்ன சொன்னா?”

லோஞ்ச் இறங்குதுறையில் அணைந்தது. அவர் புத்தகத்தை மூடினார்.

“புது வருசத்துக்கும் இதே அளவில கலண்டர் வேணுமெண்டு கடையில சொல்லி வச்சிட்டா.”