நூத்தி நாப்பத்தேழாம் நம்பர்

இல்ல மேடம், உக்கார மாட்டேன். உக்காந்தா நீங்க ஒரு டம்ளர் பார்லித் தண்ணி குடுப்பீங்க, நானும் குடிச்சிட்டு, நன்றி மேடம்னு குனிஞ்சு கும்பிட்டுட்டுக் கிளம்பிருவேன். நின்னுக்கிட்டே பேசறேன்.

யோம் சு-ரின். உங்க வெயிட்டிங் லிஸ்ட்ல நூத்தி நாப்பத்தேழாம் நம்பர். நேத்து சாயங்காலம் அவளுக்கு மெசேஜ் வந்துச்சு, செவ்வாய்க்கிழமை கூப்பிட்டும் எடுக்கலை, தங்களுக்குச் சேர விருப்பம் இல்லாததால பேரை நீக்கிட்டோம், எங்க ஆஸ்பத்திரி மேல காட்டின அக்கறைக்கு நன்றின்னு. கடைசில ஒரு பூப்படம் வேற. விருப்பம் இல்லைன்னு யாரு மேடம் சொன்னா? செலக்ட் பண்ணியாச்சு, நாங்க கூப்பிடற வரைக்கும் இருங்கன்னு சொல்லி பதினாலு மாசம் ஆச்சு. பதினாலு மாசமா காத்துக் கெடக்கறவளுக்கா விருப்பம் இல்ல? அவ பேரைத் திரும்ப ஏத்துங்க. அதுக்குத்தான் வந்தேன். அது ஆகாம நான் இந்தக் கதவைத் தாண்டறதா இல்ல.

நானா? அவ ரூம்மேட். ஒரே காலேஜ், ஒரே பேட்ச். நானும் நர்ஸ்தான். இங்க பின்னாடி மேட்டுத் தெருவுல மொட்டைமாடி ரூம்ல ரெண்டு பேரும் இருக்கோம். அவ ஏன் வரலையா? பார்சல் குடோன்ல ஷிப்ட்ல இருக்கா மேடம். ஒரு நாள் லீவு போட்டா மறுநாள் வேலை இல்லைன்னுருவான். அதான், நீ போடி, உனக்குத்தான் வாய் ஜாஸ்தின்னு என்னை அனுப்பி வச்சா.

அவ சொல்லச் சொன்னதை மொதல்ல சொல்லிடறேன். அவ போன்ல உங்க ஆபீஸ்லருந்து ஒரு மிஸ்டு கால்கூட இல்ல. ஸ்க்ரீன்ஷாட் எடுத்து எனக்கு அனுப்பியிருக்கா, இந்தாங்க பாருங்க. செவ்வாய்க்கிழமை. காலைல எட்டு மணிக்கு அவங்க அம்மா. சாயங்காலம் குடோன் சூப்பர்வைசர். நடுவுல ஒண்ணுமே இல்ல. கூப்பிடாமலே கூப்பிட்டோம்னு எழுதிட்டாங்கடி, நல்லாக் கேளுன்னா. கேட்டுட்டேன்.

ஸ்க்ரீனை ஏன் மேடம் இந்தப் பக்கம் திருப்பறீங்க? சரி, திருப்புங்க. எனக்கும் கண்ணு இருக்கு. பத்து அஞ்சு. பத்து இருபது. பத்து முப்பத்தஞ்சு. மூணு தடவை. ம்ம். கூப்பிட்டிருக்கீங்க. நான் இல்லைன்னு சொல்லல.

ஆனா அரை மணி நேரம் மேடம்! அரை மணி நேரத்துல மூணு தடவை அடிச்சுப் பாத்துட்டு, எடுக்கலையா, விலகிட்டான்னு எழுதிருவீங்களா? நீங்க எங்களைப் பதினாலு மாசம் காக்க வைக்கலாம், நாங்க உங்களை அரை மணி நேரம் காக்க வைக்கக் கூடாது. எந்த ஊரு நியாயம் இது? ஒரு மெசேஜ் போட்டா கொறஞ்சா போயிருவீங்க? பேரை நீக்கறதுக்கு மட்டும் பூப்படத்தோட மெசேஜ் போடத் தெரியுதுல்ல!

விதிமுறையைப் படிச்சுத்தான் கையெழுத்துப் போட்டோம், சரி. இந்தப் பதினாலு மாசம் எப்படிப் பொழைக்கறதுன்னு அந்த விதிமுறைல எத்தனாவது பக்கத்துல மேடம் இருக்கு? மொதல்ல மூணு மாசம்னீங்க. அப்புறம் பாதி வார்டு மூடிக் கெடக்கு, ஆள் எடுக்கறது தள்ளிப் போகுதுன்னீங்க. அப்புறம் போன் பண்ணினா, உங்க முறை வரும்போது கூப்பிடுவோம்னு ஒரு மெஷின் பேசுச்சு. சின்ன ஆஸ்பத்திரில கேட்டோம். பெரிய இடத்து லிஸ்ட்ல இருக்கற, நாளைக்கு அவங்க கூப்பிட்டா பையைத் தூக்கிட்டு ஓடிருவ, போம்மான்னாங்க. காபி கடைல கேட்டோம், அவனும் அதையேதான் சொன்னான். கடைசில ப்ளஸ் டூதான் படிச்சிருக்கேன்னு பொய் எழுதிக் குடுத்து ஒரு பேக்கரில சேந்தேன். நாலு வருஷம் படிச்சு, லைசென்ஸ் வாங்கி, அந்த லைசென்ஸை மறைச்சு வச்சு ரொட்டி விக்கறேன் மேடம். போன மாசம் கடைல ஒரு அய்யா மயங்கி விழுந்தாரு. நான் நாடி பாத்து, காலைத் தூக்கி வச்சு, ஆம்புலன்ஸுக்கு எல்லாத்தையும் சரியாச் சொன்னேன். அன்னிக்கே முதலாளிக்குத் தெரிஞ்சு போச்சு, நீ நர்ஸா, எப்ப ஓடப் போறன்னு அன்னிலருந்து மூஞ்சியைத் தூக்கி வச்சுக்கிட்டிருக்காரு. ஒரு உசுரைப் பாத்துக்கிட்டதுக்கு எனக்குக் கெடச்ச மரியாதை அது.

சு-ரின் கதை இன்னும் மோசம். அவங்க ஊரு யேச்சோன். அவ இங்க செலக்ட் ஆனதும் அவங்க அப்பா பஸ் ஸ்டாப்புல பேனர் கட்டிட்டாரு, யோம் வீட்டு மூத்த பொண்ணு சியோல் பெரிய ஆஸ்பத்திரி நர்ஸ், வாழ்த்துகள்னு. மழைலயும் வெயில்லயும் வெளுத்து இப்ப அதுல மூத்தன்னு மட்டும்தான் தெரியுதாம். சுசோக் பண்டிகைக்கு ஊருக்குப் போனா, என்னடி எந்த வார்டுன்னு ஊரே கேக்குது. இவளும் எலும்பு வார்டுன்னு சொல்லி வச்சிருக்கா. பொறந்தநாளுக்கு எல்லாரும் குடிக்கற கடற்பாசி சூப்பைக்கூட அவ தொடல. வழுக்கும்டி, லிஸ்ட்லருந்து வழுக்கி விழுந்துட்டேன்னா என்ன பண்றதுன்னா. நான் விழுந்து விழுந்து சிரிச்சேன்.

கை மறந்து போயிருமோன்னுதான் எங்க பயமெல்லாம். ஞாயித்துக்கிழமை தவறாம ஒருத்தர் கைல ஒருத்தர் கயிறு கட்டி ஊசிக்கு நரம்பு தேடுவோம். அவ கண்ணை மூடிக்கிட்டே தேடுவா. ஒரே தடவைல வெரலை வச்சு, இந்தா இங்கம்பா. எனக்கு அப்படி வராது. அவ கை ஆஸ்பத்திரிக்குன்னே பொறந்த கை மேடம். அது இப்ப அட்டைப்பெட்டிக்கு டேப் ஒட்டிக்கிட்டிருக்கு.

கோவப்படாதம்மான்னா? கோவப்படாம? நீங்க பாவம், நீங்க வெறும் ஆபீஸ் ஸ்டாஃப், எனக்குத் தெரியாதா என்ன? திட்டணும்னா எதிர்ல ஒரு ஆள் வேணும், அந்த நேரம் பாத்து நீங்க இந்தச் சீட்ல உக்காந்திருக்கீங்க.

என்ன சொன்னீங்க? திரும்பச் சொல்லுங்க. மறுபரிசீலனைன்னு ஒண்ணு இருக்கா? இதை மொதல்லயே சொல்லக் கூடாதா! சரி, என்ன வேணும்? காரணம். அவ தப்பு இல்லாம, அவளால எடுக்க முடியாமப் போச்சுங்கறதுக்குக் காரணம். அதை இன்னொருத்தர் எழுதிக் கையெழுத்துப் போட்டுக் குடுக்கணும். பேனா இருக்கு, நான் போடறேன். எழுதிக்கோங்க, குடோன்ல போன் உள்ள விட மாட்டாங்க, கேட்லயே வாங்கி லாக்கர்ல வச்சுருவாங்க.

பத்தாதா? ஏன்? அப்ப போன் லாக்கர்ல இருந்திருக்கும், சாயங்காலம் மிஸ்டு கால் தெரிஞ்சிருக்கணுமே, ஏன் தெரியலைன்னு கேக்கறீங்க. கரெக்டான கேள்விதான்.

போன் லாக்கர்ல இல்ல மேடம். உங்க போன் பகல்லதான் வரும்னு தெரியும், அவளுக்குப் பகல் ஷிப்ட், எனக்கு மத்தியானத்துக்கு மேலதான் பேக்கரி. அதனால காலைல போறப்ப போனை என்கிட்ட குடுத்துட்டுப் போவா. வார்டுல ட்யூட்டி மாத்தற மாதிரியே குடுப்பா, சார்ஜ் இவ்வளவு இருக்கு, அம்மா கூப்பிட்டாச்சு, கொரியர்காரன் கூப்பிடுவான், ஆஸ்பத்திரிலருந்து வந்தா எடுத்து, நான்தான் சு-ரின், வர்றேன் மேடம்னு சொல்லிருன்னு. சாயங்காலம் நான் திருப்பிக் குடுக்கறப்ப, விசேஷம் ஏதும் உண்டாம்பா, நான் சொல்லணும். எட்டு மாசமா ஒரு நாள் தவறினதில்ல. தமாஷாத்தான் ஆரம்பிச்சோம்.

செவ்வாய்க்கிழமையும் போன் என்கிட்டதான் இருந்துச்சு. ஆமா, அடிச்சுச்சு. உங்க நம்பர்னு தெரியும், எங்களுக்கு மனப்பாடம். கட்டை விரலை வச்சுட்டேன் மேடம், எடுக்கத்தான் வச்சேன். அதுக்கு முந்தின நாள்தான் எங்க பேட்ச் பசங்க குரூப்ல போட்டிருந்தாங்க, இந்த வருஷம் நூத்தி நாப்பத்தேழோட நிறுத்தறாங்க, மிச்சப் பேரு அடுத்த வருஷம்னு. எடுத்தா அவளுக்கு வேலை உறுதி, அவ போயிருவா, நான் அந்த மொட்டைமாடில தனியா இன்னொரு வருஷம். அதை நெனச்சேன், விரல் அசையல. பொறாமைன்னு சொல்லுவீங்க. பயம் மேடம். வெறும் பயம். ரெண்டாவது தடவை அடிச்சப்ப மேசைல வச்சுட்டு எழுந்திரிச்சு நின்னுக்கிட்டேன். மூணாவது தடவை அது தானா அடங்கற வரைக்கும் பாத்துக்கிட்டே இருந்தேன். அப்புறம் மூணையும் அழிச்சேன். சாயங்காலம் அவ கேட்டா, விசேஷம் ஒண்ணும் இல்லைன்னேன்.

என் பேரா? பாங் தா-சுல். பாருங்க, அடுத்த வரிலயே இருக்கும். நூத்தி நாப்பத்தெட்டு. பத்து நாப்பதுக்கு அவ எடத்துக்கு நீங்க என்னைக் கூப்பிட்டீங்க, நான் மொத ரிங்குலயே எடுத்தேன். எவ்வளவு உஷாரா இருக்கீங்கன்னு சிரிச்சீங்களே, குரல் ஞாபகம் இல்லையா?

என் பேரை அடிச்சுட்டா அந்த எடம் நூத்தி நாப்பத்தொன்பதுக்குத்தான் போகுமா? அவளுக்கு வராதா? சரி. அதுக்குத்தான் காரணம் எழுதறேன். போன் என்கிட்ட இருந்தது, மூணு தடவையும் நான் எடுக்கலை, வேணும்னே எடுக்கலைன்னு என் கையால எழுதறேன். அப்புறம் என் பேரை என்ன வேணா பண்ணிக்கோங்க. என் லைசென்ஸைப் பறிக்க எங்க சொல்லணுமோ சொல்லிக்கோங்க.

அவளுக்கா? இல்ல, தெரியாது. இன்னிக்குக் காலைல சீக்கிரம் எழுந்திரிச்சு எனக்குச் சோத்தை கிம்பாப்பா சுருட்டி டப்பால போட்டுக் குடுத்தா. வெறும் வயித்தோட சண்டை போட முடியாதுடின்னா.

அவளை உடனே கூப்பிடுங்க மேடம். போன் இன்னிக்கும் என் பையிலதான் இருக்கு. அடிங்க, எடுக்கறேன்.